வடக்குப்பட்டு மைதானத்துக்கு ஒன்பதாவது ஆள்

காலை 8.50, சுங்குவார்சத்திரம். பேஸ்பால் ஸ்டேடியம் பார்க்கப் போகிறேன் என்றதும், "வேற வேலையே கிடைக்கலையா?" என்றாள் என் மனைவி. கிடைக்கவில்லைதான். ஒரகடம் பக்கம் ஒரு பல்கலைக்கழகப் பெண்கள் அணிக்குச் சொந்த மைதானம் இருக்கிறது என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

டவுன் பஸ்ஸில் ஸ்ரீபெரும்புதூர் பத்து கிலோமீட்டர். எனக்கு டிக்கெட் பத்து ரூபாய், பக்கத்தில் உட்கார்ந்த பெண்ணுக்கு இலவசம். தொழிற்சாலைச் சீருடை, மடியில் தோல் கையுறை. பெயர் மாரிச்செல்வி, சங்கரன்கோவில்காரி. அட, நான் பார்க்கப் போகும் அணியின் ஆட்டக்காரியேதான்! தொழிற்சாலைப் பயிற்சிக்காக ஷிஃப்ட் பார்க்கும் கடைசி வருட மாணவி. அடுத்த ஷிஃப்ட்டுக்கு வரவேண்டியவள் தாமதித்ததால் லைனை விட்டு நகர முடியாமல் மாட்டிக்கொண்டாளாம்.

"பத்து மணிக்கு மேட்ச், அண்ணாச்சி. ஒம்பது பேரு நிக்கலைன்னா ஆடாமலே தோத்த கணக்கு. எங்ககிட்ட இருக்கதே ஒம்பது பேருதான். இன்னைக்கு எங்கக்காவுக்கு வளைகாப்பு வேற. அம்மா வரச் சொன்னா, போகல. அங்கயும் இல்லாம இங்கயும் இல்லாம ஆயிருவேனோன்னு பயமா இருக்கு."

9.25, ஸ்ரீபெரும்புதூர். ஷேர் ஆட்டோ, தலைக்கு முப்பது ரூபாய். பிள்ளைப்பாக்கம் தாண்டியதும் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்றன. எனக்கு வந்ததே கோபம்! "ஹாரன் அடிப்பா!" என்று கத்தினேன்.

"அடிச்சா லாரி பறந்துடுமா இன்னா? கம்னு குந்து சார்," என்றார் ஓட்டுநர். சொல்லிவிட்டு, "பாப்பா மேட்சு ஆட வாணாமா?" என்று அவரே வண்டியைச் சாலையோர மண்ணில் இறக்கினார்.

9.57, வடக்குப்பட்டு. ஸ்டேடியமா இது? கம்பி வேலி, செம்மண், லாரிச் சரக்குப் பலகைகளை அடுக்கிய கேலரி. அதில் ஊர்ப் பெண்கள் நாற்பது பேர். எட்டுப் பெண்கள் மைதானத்தில் நிற்க, நடுவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாரிச்செல்வி குதித்து இறங்கி ஓடினாள். அவளைக் கண்டதும் எழுந்த கூச்சல் இருக்கிறதே, அந்த நொடியே மைதானம் எனக்குப் பிடித்துப்போயிற்று. தொழிற்சாலைச் சீருடையோடுதான் ஆடினாள்.

பேஸ்பாலில் அடித்தவர் மூன்று முனைகளைத் தொட்டு, புறப்பட்ட இடத்துக்கே திரும்பினால் ஒரு ரன். அந்த இடம் ஆங்கிலத்தில் ஹோம், இங்கே வூடு. கடைசிச் சுற்றில் மாரிச்செல்வி மூன்றாம் முனையில் நிற்க, கேலரியே எழுந்து கூவியது.

"நிக்காதடி! வூட்டுக்கு வா! வூட்டுக்கு வா!"

விழுந்து புரண்டு வந்து தொட்டுவிட்டாள். ஆனாலும் ஒன்பதுக்கு இரண்டு என்று ஆட்டத்தில் தோற்றார்கள். ஒருத்தி முகமும் வாடவில்லை.

பிற்பகல் 1.10. விடைபெறப் போனேன். மாரிச்செல்வி முகமெல்லாம் செம்மண்ணாக, அம்மாவை ஃபோன் ஸ்பீக்கரில் அழைத்து, "எம்மா, நான் வூட்டுக்கு வந்துட்டேன்!" என்று சிரித்தாள்.

அந்தப் பக்கம் வளையல் சத்தம், யாரோ வேகமாக நடக்கும் சத்தம்.

"எங்கட்டி நிக்க? வாசல்ல ஆளக் காணுமே?"

மாரிச்செல்வி கையுறையால் முகத்தை மூடிக்கொண்டாள். அவள் அழுது முடிக்கும்வரை, என் பேருந்து போனால் போகட்டும் என்று நின்றேன்.