வெட்டச் சொன்ன வார்த்தை

பணியின் கடைசி ஆண்டுகளில் கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவே ஒரு கலைக் கல்லூரிக்குத் தமிழ் நடத்த மாற்றலாகி வந்தேன். முதல் நாளே துறைத் தலைவர் எனக்குப் பாடம் ஒதுக்கினார்.

"புதுக்கவிதை, நாடகம் ரெண்டையும் நீங்க எடுத்துக்குங்க மேடம். அதுல நடத்த என்ன இருக்குது? சங்க இலக்கியத்தை நான் பாத்துக்கறேன்."

அதுவரை அந்தப் பேப்பரை அவர் நடத்திய அழகை வகுப்பில் போய்த் தெரிந்துகொண்டேன். எந்தக் கவிதையைக் கொடுத்தாலும் பிள்ளைகள் ஒரே குரலில், "இக்கவிதை சமூக அவலத்தைச் சாடுகிறது" என்றார்கள். மழையைப் பற்றிய கவிதைக்கும் அதே விடைதான். எழுதினால் மார்க் உண்டாம்.

"எந்த அவலம்?" என்றேன். எல்லோரும் டெஸ்க்கைப் பார்த்தார்கள். பக்கத்துக் கிராமமான குடிகாட்டிலிருந்து வரும் தாமரை மட்டும் எழுந்தாள்.

"எங்க அக்காவைப் பொண்ணு பாக்க வந்தவங்க கர்ச்சீப்பால மூக்கைப் பொத்திக்கிட்டே பேசுனாங்க மேடம். ஃபேக்டரி பக்கத்துலேர்ந்து காத்து அடிச்சா எங்க ஊரு நாறும். அதுக்கு எங்கம்மா அவுங்ககிட்ட மன்னிப்பு கேட்டாங்க. எங்கம்மா ஏன் கேக்கணும்?"

அந்த ஆண்டின் நாடகப் பாடத்தை அங்கிருந்தே தொடங்கினேன். பிள்ளைகள் வகுப்பில் பேசிப் பேசி, பெண் பார்க்கும் காட்சி ஒன்றைத் தாங்களே எழுதினார்கள். ஆண்டு விழாவில் போட அனுமதி கேட்டோம்.

ஒத்திகை பார்த்த தலைவருக்கு முகம் வெளிறிவிட்டது.

"சீஃப் கெஸ்ட்டே கெமிக்கல் கம்பெனி மேனேஜரு. நாத்தம்னு ஒரு வார்த்தை வந்துச்சுன்னா டிராமாவே கிடையாது. மணம்னு மாத்திக்குங்க, மங்களமா இருக்கும்."

இலக்கியத்தில் முனைவர் பட்டம் வாங்கியவர் பேசிய பேச்சு இது. நான் வாய் திறப்பதற்குள் தாமரை முந்திக்கொண்டாள். "மாத்த வேணாம் சார். அந்த வார்த்தையை எடுத்துடறோம்."

எடுத்துவிட்டார்கள். விழா மேடையில் மாப்பிள்ளையாக நடித்தவன், "ஊரு நல்லாத்தான் இருக்குது, ஆனா ஒரே..." என்று நிறுத்தி, மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றான். அரங்கில் யாரோ இருமினார்கள். அவன் அசையவில்லை. பெற்றோர் வரிசையிலிருந்து ஒரு பெண்குரல், "நாத்தம்னு சொல்லுப்பா!" என்றது. தாமரையின் அம்மா! அடுத்த முறை அவன் நிறுத்தியபோது சுற்றுவட்டாரப் பிள்ளைகள் அத்தனை பேரும் சேர்ந்து கத்தினார்கள். முடிவில் பெண்ணின் தாயாக நடித்த தாமரை, வந்தவர்களைப் பார்த்து, "நீங்க கெளம்பலாம்" என்று வாசலைக் காட்டினாள். கீழே அந்த அம்மா எழுந்து நின்று கை தட்டினார். வழிந்த கண்ணீரைத் துடைத்துக்கொள்ளவே இல்லை.

சீஃப் கெஸ்ட் மைக்கைப் பிடித்தார். "கழிவறைச் சுத்தத்தைப் பத்தி அருமையான டிராமா. எல்லாரும் ஜாஸ்தி தண்ணி ஊத்தணும்."

அதற்கும் எங்கள் தலைவர் முதல் ஆளாகக் கை தட்டினார். பிறகு மேடைக்குப் பின்னால் வந்து, "பாத்தீங்களா மேடம், நான் வெட்டச் சொன்னதாலதான் இவ்வளவு எடுப்பா வந்துச்சு" என்றார்.

வகுப்பெடுக்கப் போகும் இளையவர்களுக்குச் சொல்கிறேன். நாடகம் புரியாத மேலதிகாரியோடு மல்லுக்கு நிற்காதீர்கள். அவர் வெட்டிய இடத்தைக் காலியாகவே விட்டுவிடுங்கள். நிரப்பத் தெரிந்தவர்கள் எதிரே உட்கார்ந்திருக்கிறார்கள்.