ரிவால்வர் எண்ணெய்

பூட்டுக்காரர் கதவுப் பூட்டுக்கு எண்ணெய் விட்டுப் போனார். அந்த மணத்தில், ஊரை விட்டு வெளிநாடு வந்து பல்லரோச் சந்தைத் தெருவில் நாங்கள் இருந்த ஒற்றை அறை திரும்பி வந்தது.

தொண்ணூறுகளில் அப்பா சிஞ்ஞோரா என்று கூப்பிடும் வெள்ளைக்கார எசமானியின் வீட்டைத் துடைத்துக் கழுவிவிட்டு வந்து, பழைய சாமான் சந்தையில் வாங்கிய துருப்பிடித்த ரிவால்வர்களை அராவி எண்ணெய் பூசுவார். ஒன்று முடியுமுன் அடுத்தது வந்துவிடும்.

“தோய்ஞ்சிட்டுச் சாமிப்படத்துக்குக் கிட்ட வாங்கோ” என்பார் அம்மா, செத்தவீட்டுக்குப் போய்வந்தவரிடம் சொல்வதுபோல.

“இது சுடாது. நூறு வருசப் பழசு.”

“எத்தினை பேரைத் திண்டதெண்டு உங்களுக்குத் தெரியுமே?”

அப்பா தலையில் தண்ணீர் வார்த்துத் தோய்வார், குளிர்காலத்திலும்.

ஊரில் அம்மாவின் தம்பியைச் சுட்டுக்கொன்றுவிட்டார்கள் என்று தொலைபேசி வந்த அன்று, அப்பா அழுதார், தோய்ந்தார். தலை ஈரம் காயுமுன் மறுபடி ரிவால்வரைக் கையில் எடுத்தார்.

“இனி நீங்கள் தோயத் தேவையில்லை” என்றார் அம்மா. அதன்பிறகு அம்மா சாமிக்கு விளக்கு வைக்கவேயில்லை.

பூட்டைத் தொட்டு எண்ணெய் மணத்த கையோடு, விளக்கேற்ற என் சாமிப்படத்தின் முன் நின்றேன். தீப்பெட்டியை வைத்துவிட்டுத் தோயப் போனேன்.