கண்ணாடியோடு ஆத்தும சோதனை

முதலில் நான் கண்டது வலி அல்ல, கறை. ஃபிஜித் தீவில், சிகடோகா ஆற்றோரத் தக்காளித் தோட்டத்திலிருந்து வந்து செருப்பைக் கழற்றினேன். இடது செருப்பில் ரத்தம் காய்ந்திருந்தது. சுண்டுவிரலுக்கு அடியில் மூங்கில் சிராய் ஏறியிருந்தது. பிடுங்கிப் போட்டேன். வலிக்கவில்லை.

எனக்குச் சர்க்கரை வந்து அப்போது ஆறு வருஷம். வலிக்காததுதான் ஆபத்து என்று தெரியாது. நியூரோபதி (பாத நரம்புகள் உணர்ச்சியை இழப்பது) என்ற வார்த்தையைப் பிறகுதான் கேட்டேன்.

இரண்டாயிரத்தில் இந்திய வம்சாவளிப் பிரதமரின் ஆட்சியைக் கவிழ்த்த பிறகு எங்கள் பக்கத்தில் பலரும் வெளிநாடு போகக் காகிதம் போட்டார்கள். நியூசிலாந்தில் ஆக்லாந்தில் இருந்த என் தம்பி எங்களுக்கும் ஏற்பாடு செய்தான். தலைநகர் சுவாவில் மருத்துவப் பரிசோதனைக்கு மூன்று வாரம் இருந்தது. சிராய் ஏறிய இடம் புண்ணாகியிருந்தது. அதை அங்கே பார்த்தால் என்னால் என் கணவர் அந்தோணியின் பயணமும் நின்றுவிடும் என்று பயந்தேன். துணி சுற்றி, காலுறை போட்டு, ஷூவை மாட்டிக்கொண்டேன். எனக்கு இயல்பிலேயே எதையும் சொல்ல வாய் வராது. மறைப்பது சுலபமாக இருந்தது.

தினமும் சாயங்காலம் அடுப்பு மூட்டும் முன் ஆத்தும சோதனை செய்வேன். கோயிலில் ஒரு தியானத்தின்போது கற்றது. அன்றைய நாளுக்கு நன்றி சொல்லி, காலையிலிருந்து ஒவ்வொரு மணியாக ஆண்டவரோடு திரும்பிப் பார்த்து, மன்னிப்புக் கேட்க வேண்டும். எங்கள் பக்கத்தில் பேச்செல்லாம் ஹிந்தி. ஜெபமும் எங்கள் இருவரின் தனிப்பேச்சும்தான் தமிழில்.

நான் செய்த தவறு இதுதான். மணிகளைப் பார்க்காமல் பாவங்களை மட்டும் பொறுக்கினேன். கோழியைத் திட்டியது, பக்கத்து வீட்டின் புதுத் தகரக் கூரையைப் பார்த்துப் பொறாமைப்பட்டது. கால் பாவமில்லையே என்று அதைச் சொல்லவில்லை.

பத்தாம் நாள் பாவம் ஒன்றும் அகப்படவில்லை. வேறு வழியில்லாமல் மணி மணியாகப் பார்த்தேன். காலையில் கதவைத் தாழிட்டுத் துணி மாற்றினேன். பஸ்ஸில் வாடை தெரியுமோ என்று கடைசி இருக்கைக்குப் போனேன். மத்தியானம் ஷூவோடு படுத்தேன். அந்த நாள் முழுக்கக் காலை ஒளித்ததைத் தவிர நான் வேறெதுவும் செய்யவில்லை. ஆண்டவரிடம் காலைப் பற்றிச் சொன்னேன். சொன்ன பிறகு எழுந்து போய்க் கணவரிடமும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அவர் துணியை அவிழ்த்துப் பார்த்துவிட்டு, ஷூவைத் தூரத் தள்ளிவைத்தார்.

"வூட்டுக்குள்ள ஷூ போட்டுகினு திரிஞ்சியே, ஆக்லாந்துக்குப் பழகுறியாக்கும்னு நெனச்சேன்."

"காகிதம் நின்னு போவும்ங்க."

"போனா போவட்டும். காலு போனா ஒன் தம்பியா குடுப்பான்?"

அன்றே ஆஸ்பத்திரிக்குப் போனோம். கேங்கிரீன் (ரத்த ஓட்டம் நின்று சதை செத்துப்போவது) என்றார் மருத்துவர். இரண்டு விரல்களை எடுத்தார்கள். "இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் முழங்காலுக்குக் கீழே எடுத்திருப்பேன்" என்றார்.

கட்டு மாற்றிய நர்ஸ் பூர்வகுடி ஃபிஜிக்காரப் பெண். எங்களைவிட நன்றாக ஹிந்தி பேசுவாள். "அக்கா, முகத்துக்கு மட்டும்தான் கண்ணாடியா? பாதம் என்ன பாவம் செய்தது?" என்று சிரித்தாள். தினமும் உள்ளங்காலைக் கண்ணாடியில் பார்க்கச் சொன்னாள்.

பரிசோதனை நாள் தாண்டிப்போனது. தம்பி கொஞ்ச நாள் கோபமாக இருந்தான். மறுபடி காகிதம் போட எங்களுக்கு மனம் வரவில்லை. எதிர்வீட்டுக்காரர்கள் வெளிநாடு போய், வீடு பூட்டிக் கிடப்பது வருத்தம்தான். ஆனால் தோட்டத்துக்கு இன்னும் நடந்தே போகிறேன்.

சர்க்கரை உள்ளவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். ஜெபத்தில் உடம்பையும் பாருங்கள். வெட்கமாக இருக்கும் இடத்தை முதலில் பாருங்கள்.

மழை வருமுன் இல்லாத விரல்கள் அரிக்கின்றன. முன்பெல்லாம் புறப்படும் தேதியை நோக்கி நாட்களைத் தள்ளினேன். இப்போது என் நாள் ஒரு ஆத்தும சோதனையிலிருந்து அடுத்தது வரை, சாயங்காலம் ஐந்து மணியிலிருந்து மறுநாள் ஐந்து மணி வரைதான். அது போதுமானதாக இருக்கிறது. எனக்குக் குனிய வராததால் அந்நேரம் உள்ளங்காலுக்குக் கண்ணாடியைக் கணவர் பிடிப்பார்.

"பாதம் நல்லாக்கீது. வேற இன்னா மறைச்ச?"

"ஒரு துண்டு அல்வா" என்றேன் நேற்று.

"அத நான் பாத்துட்டேன்" என்று கண்ணாடியைத் துடைத்து வைத்தார்.