இருபத்து நாலு வோல்ட்

ஷர்மிளாவின் உதடு இடப்பக்கம் லேசாகக் கோணினால், எதிரில் நிற்பவர் தொலைந்தார் என்று அர்த்தம். பஸ் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு சீட்டுப் பிடிக்கிறவர்கள், வாட்ஸாப்பில் வந்ததை எல்லாம் நம்பி அடுத்தவருக்கும் ஓதுகிறவர்கள், "கரண்ட்டு இன்னிக்கு ஹெவியா வருது" என்று கையை ஆட்டிச் சொல்கிறவர்கள், எல்லோரும் அந்த உதட்டில் தொலைந்தவர்கள்தான். கர்வம் என்றார்கள். இருந்துவிட்டுப் போகட்டும். வேலூரை அடுத்த அணைக்கட்டு ஊருக்குப் பக்கத்துக் கிராமத்தில், அந்தத் தெருவிலேயே முதலில் பட்டம் வாங்கியவள் கொஞ்சம் கர்வப்பட்டால் யார் சோறு குறையப்போகிறது?

படித்தது எலெக்ட்ரிகல் இன்ஜினியரிங். கிடைத்தது ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் பேட்டர்ன் ரூமில், தோலை எந்த வடிவத்தில் வெட்டுவது என்று கம்ப்யூட்டரில் வரைகிற வேலை. அவள் அப்பா ஆதிகேசவன் தோல் பதனிடுகிற டேனரியில், தோலைப் போட்டுச் சுழற்றும் டிரம் ஓட்டுகிறவர். மகள் கறுப்பு அங்கியில் நிற்கும் போட்டோவைப் பெருமாள் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தார். டீக்கடையில் யார் எதைப் பற்றிப் பேசினாலும், "எம்பொண்ணு இன்ஜினீரு" என்று அங்கே கொண்டுவந்து நிறுத்துவார்.

ஆனால் வீட்டில் ஃபேன் நின்றுபோனால் கதை வேறு. "நீ தொடாதம்மா. லைன்மேன் மச்சான் வரட்டும்." லைன்மேனுக்கு மச்சான் என்பதைத் தவிர அந்த ஆளுக்கு வேறு தகுதி கிடையாது. வருவான், ஸ்டூலில் ஏறுவான், நன்றாக இருந்த கண்டென்சரையும் சேர்த்துக் கெடுத்துவிட்டு, "பழைய ஃபேன் அண்ணே, அவ்ளோதான்" என்று இறங்குவான். கையில் டெஸ்டரோடு ஷர்மிளா கீழே நின்று வேடிக்கை பார்ப்பாள். பட்டம் சுவரில் தொங்கத்தான். ஸ்டூலில் ஏற ஓர் ஆம்பிளை வேண்டும். இதுதான் ஆதிகேசவன் படித்த இன்ஜினியரிங்.

அந்த ஆற்றாமையில்தானோ என்னவோ, உள்ளறையில் அவள் ஒரு மிஷினைக் கட்டினாள். பழைய கதவுப் பலகை ஒன்று, இரும்புக் கம்பிகள், பல் வைத்த பெல்ட், நுனியில் ஒரு சின்னக் கத்தி. கம்பெனியில் கழித்துப்போடுகிற தோல் துண்டில் கிளி, மயில், மாங்காய் என்று கேட்ட வடிவத்தை அந்தக் கத்தி வெட்டித் தரும். விற்பதற்கில்லை. ஆசைக்கு.

கத்தியை நகர்த்த இரண்டு ஸ்டெப்பர் மோட்டார்கள், நெடுக்கில் ஒன்று, குறுக்கில் ஒன்று. மற்ற மோட்டார் ஸ்விட்சைப் போட்டால் பேய் பிடித்தாற்போல் சுற்றும். இது அப்படியில்லை. ஒவ்வொரு அடியாக எடுத்து வைக்கும்.

"போச்சொன்ன தூரம் போவும், நிக்கச்சொன்ன எடத்துல நிக்கும். எனக்குப் பாக்கறதுன்னா இந்த மாதிரி ஒரு மாப்ளைய பாரும்மா" என்றாள் ஷர்மிளா.

"வாயி, வாயி!" என்று அம்மா அமிர்தவள்ளி தலையில் அடித்துக்கொண்டாள்.

மோட்டாரிலிருந்து நாலு ஒயர் வரும். உள்ளே இருப்பது இரண்டு சுருள். ஒரு சுருளுக்கு இரண்டு ஒயர். எதற்கு எது ஜோடி என்று நிறத்தை நம்பி முடிவு செய்தால் போச்சு, கம்பெனிக்குக் கம்பெனி நிறம் மாறும். ஷர்மிளா நிறத்தை மதிப்பதேயில்லை. இரண்டு ஒயர் நுனிகளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு மோட்டாரின் தண்டை விரலால் சுற்றிப் பார்ப்பாள். முரண்டு பிடித்தால் அவை ஜோடி, வழுக்கிக்கொண்டு சுற்றினால் இல்லை. அவ்வளவுதான் வித்தை.

மோட்டார் முதுகில் 2.8 வோல்ட் என்று ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். உலகத்தின் அறிவெல்லாம் அந்தச் சீட்டோடு நின்றுபோகும். வேலூர் பஜாரில் கடைக்காரர், "இதுக்கு செல்போன் சார்ஜரே ஜாஸ்திம்மா" என்றார். உதடு கோணியது, அவர் தொலைந்தார். அவள் கொடுப்பது இருபத்து நாலு வோல்ட். அது நேராக மோட்டாருக்குள் போவதில்லை. நடுவில் டிரைவர் என்று நகத்தளவில் ஒரு போர்டு. அதிலுள்ள குட்டி ஸ்க்ரூவில் எவ்வளவு கரண்ட் என்று வைக்கிறோமோ, அதற்கு மேல் ஒரு துளி உள்ளே விடாது. வோல்ட் ஜாஸ்தி இருந்தால்தான் கரண்ட் சுருளுக்குள் சட்டென்று ஏறும், மோட்டார் வேகத்திலும் பலம் இழக்காது. தொட்டால் சுடும். எரியாது.

ஒரே ஒரு சட்டம். ஓட்டத்தில் மோட்டார் ஒயரைப் புடுங்கக் கூடாது. புடுங்கினால் சுருளில் இருக்கிற கரண்ட் போக இடமில்லாமல் டிரைவரை அடித்துக் கொன்றுவிடும். அதனால் ஸ்விட்சில் சிவப்பு டேப் ஒட்டி, 'முதலில் இது' என்று எழுதியிருந்தாள்.

இந்த நேரத்தில்தான் ஜீவாவின் ஜாதகம் வந்தது. மெக்கானிக்கல் படித்தவன், ராணிப்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனித் தையல் ஃப்ளோரில் மெயின்டனன்ஸ் பார்க்கிறவன். போட்டோவில் கறுப்புக் கண்ணாடி போட்டு, தனதல்லாத ஒரு பைக்கில் சாய்ந்திருந்தான். ஆதிகேசவனுக்கு ஜென்மம் சாபல்யமடைந்துவிட்டது. அன்றைக்கே தீர்ப்பும் சொன்னார்.

"இந்த மிஷின மாப்ள வந்து பாக்கட்டும். படிச்ச புள்ள. தேவலாம்னு சொன்னா இருக்கட்டும். வேஸ்ட்டுன்னா காயலான் கடைல போட்டுடலாம். ரூமு அடைச்சிக்கினு கீது."

"நானும் படிச்சவதான் நைனா."

"யாரு இல்லன்னா? அதோ போட்டோ கீதே."

ஞாயிற்றுக்கிழமை மூணு மணிக்கு வந்தார்கள். கேசரி, பஜ்ஜி, காபி. ஜீவாவின் அம்மா சௌந்தரம் வீட்டை மூலைக்கு மூலை அளந்துவிட்டு, "பொண்ணும் புள்ளையும் ரெண்டு வார்த்தை பேசட்டும். நாலரைக்கு ராகு காலம், அதுக்குள்ள கெளம்பணும்" என்றாள். இருவரையும் உள்ளறைக்கு அனுப்பினார்கள். கதவு திறந்தே இருந்தது. ஹாலில் இருந்தவர்களின் காதுகளும் அப்படியே.

"ஓ, இதான் அந்த மிஷினா? யூடியூப் பாத்து செஞ்சதுங்களா?"

"படிச்சத வெச்சு செஞ்சதுங்க."

ஷர்மிளா ஸ்விட்சைப் போட்டாள். கத்தி ஒரு கிளியின் வாலில் ஆரம்பித்து முதுகுப்பக்கம் ஏறியது. ஜீவா குனிந்து சீட்டைப் படித்தான்.

"2.8 வோல்ட்டுன்னு போட்டுக்குதேங்க. நீங்க எவ்ளோ குடுக்கிறீங்க?"

"இருபத்து நாலு."

குழந்தை சோற்றைத் தட்டிவிட்டதைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரி சிரித்தான். "அய்யோ, பொகைஞ்சிடுங்க!"

"ஆறு மாசமா பொகையல."

அவன் மோட்டாரைத் தொட்டுக் கையை உதறினான். "பாருங்க, எப்டி சுடுது!"

"அது அப்டித்தான் சுடும். எவ்ளோ கரண்ட் போவணும்னு டிரைவர் பாத்துக்கும்."

"டிரைவர்லாம் ஓகேங்க. ஃப்ளோர்ல இந்த மாதிரி எத்தினி மோட்டார் பாத்துருப்பேன்! சவுண்டே சரியில்ல, லோடு ஜாஸ்தி."

சொல்லிக்கொண்டே கையை நீட்டினான். தையல் ஃப்ளோரில் வரிசையாக நூறு மிஷின் ஓடும். ஒன்று மக்கர் செய்தால் மெயின் ஸ்விட்சைத் தேடி யாரும் நடக்கமாட்டார்கள். அந்த மிஷினின் பிளக்கைப் புடுங்கிவிட்டுத்தான் என்ன கோளாறு என்றே யோசிப்பார்கள். அந்தக் கை அங்கே பழகிய கை.

"தொடாதீங்க!"

நெடுக்கு மோட்டாரின் ஒயரைப் புடுங்கிவிட்டான். டிக் என்று ஒரு சத்தம். கருகல் வாசனை. நெடுக்கு மோட்டார் நின்றுபோக, குறுக்கு மோட்டார் மட்டும் கத்தியை இழுத்துக்கொண்டு போய்க் கிளியின் கழுத்தை அறுத்தது.

ஷர்மிளா ஸ்விட்சை அணைத்துவிட்டு நிமிர்வதற்குள் ஜீவா ஹாலுக்குப் போய்விட்டான். அவன் நடையில் அவசரமே இல்லை.

"ஒண்ணுமில்ல மாமா. வோல்டேஜ் ஜாஸ்தி குடுத்துட்டாங்க, எரிஞ்சிப் போச்சு. நான் சொல்லிக்கினே இருந்தேன்."

"நல்லவேள, எம்புள்ள கூட இருந்தான். வூடே புடிச்சிருக்கும்" என்றாள் சௌந்தரம்.

ஆதிகேசவன் மகளைத் திரும்பிப் பார்த்தார். என்ன நடந்தது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. "நான் அன்னிக்கே சொன்னேன் மாப்ள, எங்க கேக்குது! நாளைக்கே காயலான் கடைல போட்டுடறேன்."

ஷர்மிளாவின் உதடு கோணவில்லை. கோணுவதற்கும் ஒரு தெம்பு வேண்டியிருக்கிறது. நாலு வருஷம் பஸ் படிக்கட்டில் தொங்கி வாங்கிய படிப்பு சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. நேற்று வந்த கறுப்புக் கண்ணாடி ஒற்றை வாக்கியத்தில் அதை அழித்துவிட்டு அடுத்த பஜ்ஜியை எடுத்தது.

"நைனா, எல்லாரும் உள்ள வாங்க. பத்து நிமிஷம்."

"ஏண்டி, மாப்ள வூட்டுக்காரங்க முன்னாடி..." என்று அமிர்தவள்ளி கண்ணைக் காட்டினாள்.

"அவங்க முன்னாடிதானே எரிஞ்சுது? அவங்க முன்னாடியே ஓடட்டும்."

சபையைவிட்டு எழுந்து போக யாருக்கும் வழியில்லை. அறை வாசலில் வந்து நின்றார்கள், சௌந்தரம் மட்டும் காபி டம்ளரோடு. ஷர்மிளா தரையில் சம்மணம் போட்டாள். பவர் சப்ளையின் பச்சை விளக்கு முழுக்க அணைகிறவரை காத்திருந்தாள். செத்த டிரைவரை எடுத்துப்போட்டுவிட்டு, உதிரி போட்டுவைத்த மாத்திரை டப்பாவிலிருந்து இன்னொன்றை எடுத்துப் பொருத்தினாள். மோட்டாரை மாட்டாமலே ஸ்விட்சைப் போட்டு, மீட்டர் வைத்து, குட்டி ஸ்க்ரூவை முடியளவு திருப்பிச் சரிபார்த்தாள்.

"வோல்டேஜ கம்மி பண்ணிடுங்க. பன்னெண்டு வெச்சா சேஃப்" என்று மேலிருந்து ஜீவாவின் ஆலோசனை விழுந்தது.

"கம்மி பண்ணல." மீட்டர் முனைகளைப் பவர் சப்ளைக்கு மாற்றி வைத்தாள். "நைனா, குனிஞ்சு மீட்டரப் பாரு. எவ்ளோ?"

டிரம்மில் பிரஷர் முள் பார்த்துப் பழகிய கண். ஆதிகேசவன் படித்தார். "இருபத்து நாலு."

"அதே இருபத்து நாலு. அதே மோட்டார். பாத்துக்கோ."

ஸ்விட்சை அணைத்து, விளக்கு அணைந்ததும் மோட்டார் ஒயரை மாட்டி, மறுபடி போட்டாள். கத்தி புதுத் தோலில் இறங்கியது. வால், முதுகு, கழுத்து, மூக்கு என்று ஒரு முழுக் கிளி வந்தது. அதன் பக்கத்தில் இன்னொன்று. சௌந்தரத்தின் காபியில் ஆடை படிந்தது. புகை வரும் வரும் என்று எல்லோரும் மோட்டாரையே பார்த்தார்கள். அது தன்பாட்டுக்கு அடியெடுத்து வைத்துக்கொண்டிருந்தது.

"வோல்டேஜாலதான் எரிஞ்சுதுன்னா இதுவும் எரியணும் இல்ல?" என்றாள் ஷர்மிளா.

அவள் ஜீவாவைப் பார்த்தாள்.

"இப்ப நீங்க முன்ன செஞ்ச மாதிரியே, ஓட்டத்துலயே அந்த ஒயரைப் புடுங்குங்க. அதால எரியலன்னா இப்பவும் ஒண்ணும் ஆவாது. புடுங்குங்க."

ஜீவா ஒயரைப் பார்த்தான். அவனும் படித்தவன்தான், கை நீளவில்லை. வாட்ச் பட்டையைச் சரிசெய்துகொண்டு, "எதுக்குங்க தேவையில்லாம..." என்றான்.

ஆதிகேசவன் மெதுவாக நிமிர்ந்தார். "ஓடிக்கினு இருக்கிறப்போ ஒயரைப் புடுங்கினீங்களா?"

"சும்மா செக் பண்ணத்தான் மாமா."

"அத ஏன் சொல்லல?"

டிரம்முக்குப் பக்கத்திலேயே தலை நரைத்தவர் ஆதிகேசவன். "ஓடற டிரம்முல கை வெக்கிறவன எங்க டேனரி கேட்டுக்குள்ளயே வுடமாட்டாங்க தம்பி" என்றார். ஜாதகம் வந்ததிலிருந்து வாய் நிறைய மாப்ள மாப்ள என்று கூப்பிட்டவர் வாயில் முதல்முறையாகத் தம்பி என்று வந்தது. ஜீவாவுக்கும் அது கேட்டது.

"இன்னா பொண்ணும்மா இது! பாக்க வந்த புள்ளைக்குப் பரீட்ச வெக்குது!" என்று சௌந்தரம் டம்ளரை நங்கென்று வைத்தாள்.

"ஈசியான கேள்விதாங்க கேட்டேன்" என்றாள் ஷர்மிளா.

ராகு காலத்துக்கு ரொம்ப முன்னாலேயே கிளம்பிவிட்டார்கள். பஜ்ஜி மிச்சமானது. "போச்சு, எல்லாம் போச்சு" என்று அமிர்தவள்ளி புலம்பிக்கொண்டே அதில் இரண்டைத் தின்றாள். தப்பு என்று ஒத்துக்கொள்வது ஆதிகேசவன் பாடத்தில் இல்லாத விஷயம். காயலான் கடைப் பேச்சு மட்டும் அதன்பிறகு அந்த வீட்டில் எழவில்லை. கழுத்தறுந்த கிளியை ஷர்மிளா சிவப்பு டேப்புக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்தாள். எழுதியதைப் படிக்காதவர்கள் படத்தையாவது பார்க்கட்டும்.

கொஞ்ச நாள் கழித்து ஹாலில் ஃபேன் நின்றுபோனது. ஆதிகேசவன் பழக்கத்தில் செல்போனை எடுத்தார். உள்ளறையில் மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்டது. போனைப் பையில் போட்டுக்கொண்டு, ஸ்டூலை இழுத்துவந்து ஃபேனுக்கு நேர் கீழே போட்டார்.

"இன்ஜினீரு, இங்க வா."

"மெயின ஆஃப் பண்ணியா?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

பண்ணவில்லை. முனகிக்கொண்டே அவர் மெயின் ஸ்விட்சைத் தேடிப் போனார்.