என் கை பட்ட ஊறுகாய்

முதலமடையில் வீட்டோடு மாங்காய் ஊறுகாய் போட்டு விற்கிறேன். கழுவ, நறுக்க, பாட்டிலில் அடைக்க ஆள் உண்டு. உப்பும் மிளகாய்த்தூளும் போட்டுக் கலக்குவதை மட்டும் யாரிடமும் விட்டதில்லை. என் கைப்பக்குவத்துக்காகத்தான் வாங்குகிறார்கள் என்று நம்பினேன். சீசன் முடியும்வரை தோள் கடுக்கும். ராத்திரி சோறு பிசைந்தால் விரலெல்லாம் எரியும்.

போன சீசனில், கொல்லங்கோட்டில் ஒரு கல்யாணத்துக்கு ஒரு டப்பா கலக்கி முடித்ததும் காய்ச்சலில் விழுந்தேன். கடைக்குப் போகவேண்டிய இன்னொரு டப்பாவை, வேறு வழியில்லாமல், என் கொழுந்தனார் மனைவி செல்வி கலக்கினாள்.

“அதைக் கல்யாணத்துக்கு அனுப்பிப்போடாத. பேரு கெட்டுரும்” என்று படுத்தபடியே சொல்லிக்கொண்டிருந்தேன்.

காய்ச்சல் விட்டதும் இருவரும் அந்தக் கல்யாணத்துக்குப் போனோம். பந்தியில் ஊறுகாயைத் தொட்டு வாயில் வைத்தேன்.

“பாத்தியா செல்வி, என்ற கை பட்டா இப்பிடித்தான் இருக்கும்.”

செல்வி இலையைப் பார்த்தபடியே சொன்னாள்: “அக்கா, ஆட்டோக்காரரு டப்பாவை மாத்திப் போட்டுட்டாருங்க. உங்குளுது கோவிந்தாபுரம் கடைக்குப் போயிருச்சு. இது நான் கலக்குனதுங்க.”

இன்னொரு துண்டை எடுத்துச் சப்பினேன், குறை கண்டுபிடிக்கத்தான். ஒன்றும் அகப்படவில்லை. கோபப்படக்கூட உடம்பில் தெம்பில்லை.

மறுநாள் கலக்கும் வேலையை அவளிடமே விட்டுவிட்டுப் படுத்திருந்தேன். ராத்திரி சோறு பிசைந்தபோது விரல் எரியவில்லை. நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். ஆனால் அது என் கை மாதிரியே இல்லை.