மூச்சுப் பார்க்கிற பூனை

சிலமலை ரோட்டில் இருக்கிற பூனைக் காப்பகத்தில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள். கேட்டதும் பூனையைத் தூக்கிக் கொடுத்துவிட மாட்டார்கள். பதினைந்து நாள் நம் வீட்டில் வைத்துப் பார்க்க வேண்டும். "ஒத்து வந்தா கையெழுத்துப் போடுங்கக்கா. இல்லாட்டி கொண்டாந்து விட்டுருங்க, ஒண்ணும் நெனைக்க மாட்டோம்" என்றாள் அதை நடத்துகிற பெண். பெண் பார்க்க வருகிறவர்கள்கூட இவ்வளவு யோசிப்பதில்லை என்று எனக்குச் சிரிப்பு.

ரிட்டையர் ஆனதிலிருந்து போடி வீட்டில் நான் மட்டும்தான். சென்னையில் இருக்கிற மகள் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் போட்டு, "அங்க தனியாக் கெடந்து என்ன பண்றே, கிளம்பி வா" என்று நச்சரிப்பாள். அவள் வாயை அடைக்கத்தான் பூனை. சாம்பல் நிறம், ஒரு காது நுனி கிழிந்தது.

மூன்றாம் நாள் மதியம் சாப்பிட்டுவிட்டுத் தரையில் பாய் போட்டுக் கண்ணயர்ந்தேன். குரங்கணிப் பக்கம் மேகம் இறங்கி, பகலிலேயே வீடு இருட்டிக் கிடந்தது. உதட்டில் ஏதோ சில்லென்று பட்டது. கண்ணைத் திறந்தால் என் மூக்குக்கு ஒரு விரற்கடை தூரத்தில் பூனையின் முகம். அதன் முன்னங்கால் என் கீழுதட்டின் மேல் இருந்தது. "ச்சீ, போ" என்றேன். மூச்சு பட்டதும் காலை எடுத்துக்கொண்டு போய்விட்டது.

பாசம் என்று நினைத்தேன். மகளிடம் பீற்றிக்கொள்ளவும் செய்தேன். ஆனால் உட்கார்ந்திருந்தால் அது என்னை ஏறெடுத்தும் பார்க்காது. படுத்து, அசைவு அடங்கினால் மட்டும் வரும். உதட்டில் கால் வைக்கும், காத்திருக்கும், மூச்சு பட்டதும் போகும். ஒரு வாரத்தில் எனக்கே சந்தேகம் வந்து மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்துக்கொள்ள ஆரம்பித்தேன். அது வராமலிருக்கப் பொய்க்குறட்டைகூட விட்டுப் பார்த்தேன். அறுபது வயதில் ஒரு பூனையை ஏமாற்றக் குறட்டை விடுகிற பொம்பளையாகிவிட்டேன், கர்மம்!

எட்டாம் நாள் காப்பகத்துக்கே போய்ச் சண்டை போட்டேன். "என்னம்மா பூனை இது? செத்துட்டேனா இருக்கேனான்னுல்ல என்னையப் பாக்குது!"

அவள் என்னை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தாள். பிறகு சொன்னாள். "போடிமெட்டுக்கு மேல ஒரு ஏலத் தோட்டம்க்கா. அங்க வேலையாளுங்க குடியிருக்கிற லயத்து வீட்டுல ஒரு அம்மா ஒத்தையா இருந்தாங்க. ஓட்டுப் போட எல்லாரும் ஜீப்புல ஊருக்கு எறங்கிட்டாங்க. இவங்க மேலுக்கு முடியலைன்னு வரல. மூணு நாள் கழிச்சு வந்து கதவ ஒடைச்சா, அவங்க நெஞ்சு மேல இது உக்காந்திருக்கு. எறக்கவே விடலையாம். சொன்னா யாரும் வளக்க மாட்டாங்கன்னுதான் மறைச்சேன்."

அன்றே கொண்டுபோய் விட்டிருக்கலாம். விட முடியவில்லை. படுத்த இடத்தில் போய்விட்டால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் யாருக்கும் தெரியாது என்ற பயம் எனக்குப் பல வருஷமாக உண்டு. மகளிடம் சொன்னதில்லை, சொன்னால் மூட்டை கட்டச் சொல்லிவிடுவாள். இப்போது எனக்கு ஒன்று தெரிந்தாக வேண்டியிருந்தது. அப்படி ஆனால் இது கத்துமா? ஜன்னல் வழியே ஓடி யாரையாவது கூப்பிடுமா?

பதினான்காம் நாள் மதியம் பாயில் படுத்து மூச்சை அடக்கினேன்.

வந்தது. உதட்டில் கால் வைத்துக் காத்திருந்தது. நான் மனசுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன், பத்து, பதினைந்து. காலை எடுத்தது. கத்தவில்லை, ஓடவில்லை. மெதுவாக என் நெஞ்சில் ஏறி, ஒரு சுற்றுச் சுற்றி, வாசல் கதவைப் பார்த்தபடி கால்களை மடக்கி உட்கார்ந்தது. பழகிய வேலைக்குத் திரும்பியதுபோல அத்தனை நிதானம். அதன் வயிற்றுச் சூடு ரவிக்கை வழியாக இறங்கியது. சாமி சத்தியமாக, அந்த நேரத்தில் நான் செத்துத்தான் போயிருந்தேன். லயத்து வீட்டில் கிடந்தேன், வெளியே ஒரு ஜீப்புச் சத்தமும் இல்லை.

தாங்க முடியாமல் மூச்சை இழுத்தேன். பூனை துள்ளி விழுந்து, முதுகு மயிரெல்லாம் சிலிர்த்து, சுவரோடு ஒட்டிக்கொண்டு என்னைப் பார்த்தது. செத்தவள் எழுந்துவிட்டாள் என்று பயந்திருக்கிறது. பீரோவுக்கு அடியில் புகுந்ததுதான், பாலுக்கும் வரவில்லை, மீனுக்கும் வரவில்லை. என்ன பாவி நான்! ஒரு தடவை பட்டதையே மறக்க முடியாத ஜீவனுக்கு அதை இன்னொரு தடவை காட்டிவிட்டேன். பீரோ முன்னால் உட்கார்ந்து அழுதேன்.

மறுநாள் அந்தப் பெண் தாளோடு வந்தாள். "என்னக்கா, கொண்டு போயிரட்டுமா?"

கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். வாசல் கதவின் இன்னொரு சாவியையும் அவள் கையில் வைத்தேன். "தெனம் காலையில ஒரு போன் பண்ணும்மா. நான் எடுக்கலேன்னா வெரசா வந்து கதவத் தொற."

"என்னக்கா பேச்சு இது? உங்களுக்கு ஒண்ணும் ஆகாது."

"எனக்கு ஆனா ஆகட்டும். அது இன்னொரு தடவை மூணு நாள் உக்காரக் கூடாது."