நிலுஷா வாங்கிய பிரீஆம்ப்

நிலுஷாவுக்கு மெல்லப் பேசத்தான் வரும். அதை அடக்கம் என்று சிலர் மெச்சுவார்கள், கூச்சம் என்று சிலர் சிரிப்பார்கள். இரண்டும் இல்லை. அவள் பிறந்ததும் லயத்துக் காம்பராவில், கட்டிக்கொண்டு வந்ததும் லயத்துக் காம்பராவில். ஒரு காம்பராவுக்கும் அடுத்ததற்கும் நடுவே இருக்கிற சுவர் ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே போனதும் நின்றுவிடும். அங்கிருந்து தகரம் வரைக்கும் வெறும் வெளி. பத்துக் குடும்பத்துக்கும் ஒரே கூரை. இந்தக் கோடியில் ஒருத்தர் தும்மினால் அந்தக் கோடியில் "நூறு" என்று சொல்வார்கள். அப்படிப்பட்ட இடத்தில் புருஷனோடு சண்டை போடுவதென்றாலும் காதோடு காதாகத்தான் போட வேண்டும். நிலுஷா முப்பத்தொரு வருஷம் அப்படித்தான் பேசினாள்.

அரநாயக்கவுக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டம். புருஷன் கிருஷ்ணராஜுக்கு அங்கே ஃபெக்டரியில் வேலை. நிலுஷா உயர்தரம் வரை படித்தவள். கேகாலை டவுனில் ஒரு கொமியூனிகேஷன் கடையில் ஆறு வருஷம் இருந்தாள். டைப் அடிப்பாள், போட்டோகொப்பி எடுப்பாள், ஓட்டோவில் ஸ்பீக்கர் கட்டிப் போட்டுக்கொண்டு போகிற விளம்பரங்களைத் தமிழில் வாசித்துப் பதிந்து கொடுப்பாள். கடையை மூடியபோது முதலாளி கடைசிச் சம்பளத்துக்குப் பதிலாக மைக்கையும், மைக்கைக் கம்ப்யூட்டரில் பொருத்துகிற சின்னப் பெட்டியையும், உயிர் பாதி போன ஒரு லெப்டொப்பையும் தூக்கிக் கொடுத்துவிட்டார். பெரிய மனசுதான்.

ஆனால் அந்த மைக்தான் அவளுக்கு ஒரு வழி காட்டியது. கொழும்பில் கதைப் புத்தகங்களை வாசித்துப் பதிந்து விற்கிற ஒரு கம்பெனி ஆள் தேடியது. நிலுஷா போனில் நாலு வரி வாசித்து அனுப்பினாள். அங்கே சத்தப் பதிவுக்குப் பொறுப்பான றிஸாத் உடனே பதில் போட்டான். பக்கத்தில் உட்கார்ந்து சொல்கிற மாதிரி ஒரு குரல், இதைத்தான் இத்தனை நாளாகத் தேடினோம் என்றான். இருபது புத்தகம் தரலாம். ஆனால் முதலில் ஒரு கதையைச் சுத்தமாகப் பதிந்து அனுப்ப வேண்டும். மூன்று தடவை வரை கேட்டுப் பார்ப்பார்கள், மாதக் கடைசியோடு முடித்துக்கொள்வார்கள்.

கிருஷ்ணராஜும் அதே தவணையைத்தான் போட்டான். "மாசக் கடைசி வரைக்கும் பாரு. சரிவரலன்னா தோட்டத்துல பேர் பதிஞ்சிரு" என்றான். கெட்டவன் இல்லை, ஒரு ஆள் சம்பளத்தில் அடுப்பு எரியாது என்று தெரிந்தவன். பேர் பதிவதென்றால் விடியமுன்னே கத்தியையும் வாளியையும் எடுத்துக்கொண்டு ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போவது. நிலுஷாவின் அம்மா முழங்கால் போகும் வரைக்கும் வெட்டினாள். பரீட்சை முடிவு வந்த அன்று, அந்தக் கத்தியைத் தொட மாட்டேன் என்று நிலுஷா மனசுக்குள் சத்தியம் பண்ணியிருந்தாள். அதை யாரிடமும் சொன்னதில்லை.

முதல் தடவை அனுப்பியது திரும்பி வந்தது. அந்த மைக் மேடையில் நின்று தொண்டை கிழியக் கத்துகிற ஆண்களுக்காகச் செய்தது. நிலுஷாவின் குரல் அதற்குள் ஏறவே இல்லை. பெட்டியில் சத்தத்தைக் கூட்டுகிற கெயின் குமிழைக் கடைசி வரைக்கும் திருகினால் குரல் கொஞ்சம் வந்தது, கூடவே எண்ணெய் காய்கிற மாதிரி ஒரு இரைச்சலும் வந்தது. சத்தமாக வாசியுங்கள், இல்லாவிட்டால் நல்ல பிரீஆம்ப் ஒன்று வாங்கி மைக்குக்கும் பெட்டிக்கும் நடுவில் போடுங்கள் என்றான் றிஸாத். மைக்கில் இருந்து வருகிற மெல்லிய சத்தத்தை இரைச்சல் இல்லாமல் தூக்கிக் கொடுப்பதுதான் அதன் வேலையாம்.

காசு செலவில்லாத வழியை முதலில் பார்ப்போம் என்று நிலுஷா சத்தமாக வாசித்தாள். கதையில் ஒரு பெண்சாதி புருஷனைப் பார்த்து, நீயும் ஒரு மனுஷனா, வெளியே போ என்று கத்துகிற இடம் வந்தது. மூன்றாவது தடவை கத்தும்போது கதவைத் தட்டினார்கள். பக்கத்துக் காம்பரா காத்தமுத்து சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு பஞ்சாயத்துக்கு வந்து நின்றார். தம்பி பாவம், வேலைக் களைப்பு, கொஞ்சம் விட்டுப் பிடிக்கச் சொன்னார். அந்தத் தம்பி அப்போது ஃபெக்டரியில் ரப்பர் ஷீட் காய வைத்துக்கொண்டிருந்தான். மைக்கைக் காட்டி விளங்கப்படுத்த வேண்டியதாகப் போயிற்று. ஒரு கிழமை முழுக்க, தண்ணி பிடிக்கிற பீலியடியில் அவளைக் கண்டவர்கள் எல்லாம், நீயும் ஒரு மனுஷனா என்று கேட்டுச் சிரித்தார்கள்.

அந்தப் பதிவும் தேறவில்லை. இரைச்சல் இல்லை, ஆனால் நாங்கள் கேட்ட குரல் இதில் இல்லை, பள்ளிக்கூடத்துப் பேச்சுப் போட்டி மாதிரி இருக்கிறது என்றான் றிஸாத்.

மிஞ்சியது ஒரே ஒரு தடவை. நிலுஷா பிரீஆம்ப் தேட ஆரம்பித்தாள். டேட்டா தீரத் தீர வீடியோ பார்த்தாள். அவள் கைக்கு எட்டியது மூன்றே மூன்று. ஒன்று, முகப்பில் கண்ணாடிக் குழாய் வைத்து மஞ்சளாக எரிகிற சீனத்துப் பெட்டி. கிருஷ்ணராஜுக்கு அதன் வெளிச்சம் பிடித்திருந்தது. வெளிச்சத்தைத் தவிர அதில் ஒன்றும் இல்லை என்று வாங்கியவர்கள் எழுதியிருந்தார்கள். இரண்டாவது, மூடப்போகிற ஒரு ஸ்டூடியோக்காரர் விற்கிற பழைய பெட்டி. நல்ல சாமான்தான், ஆனால் பழுதானால் திருத்த ஆள் இல்லை. மூன்றாவது, விரல் நீளத்துக்கு ஒரு குழாய். குமிழ் கிடையாது, லைட் கிடையாது. மைக் வயரின் நடுவில் செருகிவிட்டு, பெட்டியில் இருக்கிற நாற்பத்தெட்டு வோல்ட் பொத்தானை அமுக்கினால் போதும். மெல்லப் பேசுகிறவர்களுக்கு இதைவிட நல்லது இந்த விலையில் இல்லை என்று வீடியோவில் ஒருவர் விடாமல் சொன்னார்கள். சொன்ன எல்லாருடைய சுவரிலும் வெளிச்சத்தம் வராமல் பஞ்சு ஒட்டியிருந்தது. நிலுஷாவும் தன் பங்குக்குக் கம்பளியையும் பழைய சேலைகளையும் சுவர் முழுக்கத் தொங்கவிட்டாள். சுவர் எவ்வளவு உயரமோ அவ்வளவு உயரத்துக்கு.

கேகாலையில் நுஹ்மான் நானா கடையில் அந்தக் குழாய் இருந்தது. பள்ளிவாசலுக்கும் கோயிலுக்கும் புத்த பன்சலைக்கும் ஸ்பீக்கர் கட்டிக் கொடுத்தே தலை நரைத்த மனுஷன். சாமானைக் காட்டுமுன்னே, எங்கே வைத்துப் பதிகிறீர்கள் என்று கேட்டார்.

நிலுஷா, "வீட்டுலதான் நானா. தனி ரூம் ஒன்னு இருக்கு" என்றாள்.

லயம் என்று சொல்ல நாக்குக் கூசியது. தோட்டம் என்றதும் டவுனில் சிலரது முகம் மாறுவதை அவள் ஆறு வருஷம் பார்த்தவள். நுஹ்மான் நானா ஒருநாளும் அப்படி முகம் மாறியவர் இல்லை. இருந்தும் அந்தப் பொய் முந்திக்கொண்டு வந்துவிட்டது.

"அப்ப பயமில்ல. இது சத்தத்தத் தூக்கும் தங்கச்சி, எந்தச் சத்தத்தத் தூக்கணும்னு இதுக்கு வெளங்காது. அதுக்குத்தான் கேட்டேன்" என்று சொல்லி, அவர் அதைப் பழைய பத்திரிகையில் சுற்றிக் கொடுத்தார். நிலுஷா சீட்டுக் காசைக் கொடுத்துவிட்டு பஸ் ஏறினாள்.

நாலு நாள் மழை. தகரத்தில் மழை விழுந்தால் ஆள் பேசுவதே கேட்காது, பதிவது எங்கே. ஐந்தாம் நாள் காலை வெளுத்தது. பால் வெட்டுகிறவர்கள் மலைக்குப் போய்விட்டார்கள். பக்கத்துக் காம்பராவில் காத்தமுத்துவின் பெண்சாதி புஷ்பம் மட்டும் இருந்தாள். வாளியோடு சறுக்கி விழுந்து கால் முறிந்ததில் இருந்து அவள் வீட்டோடு, அவளுடைய சின்னப் பிள்ளைகள் இரண்டும் கூடவே.

நிலுஷா குழாயைச் செருகி, பொத்தானை அமுக்கி, ஹெட்போனை மாட்டி முதல் வரியை வாசித்தாள். தன் குரலை முழுசாக அவள் கேட்டது அன்றைக்குத்தான். மூச்சு கேட்டது, உதடு பிரிவது கேட்டது. இவ்வளவு நல்ல குரலா என்று அவளுக்கே ஆச்சரியம். சந்தோஷத்தில் கண் கலங்க, நிறுத்தாமல் நாற்பது நிமிஷம் வாசித்து முடித்தாள். திரும்பப் போட்டுக் கேட்டபோதும் தன் குரலைத்தான் கேட்டாள். அன்றைக்கே அனுப்பியும் விட்டாள்.

மறுநாள் மத்தியானம் போனில் றிஸாத்தின் குரல் வந்தது.

"சிஸ்டர், வொய்ஸ் அருமை. இரைச்சல் துளியும் இல்ல. ஆனா பின்னால யாரோ பேசுறாங்க, கதை முழுக்க. ரூம்ல வேற யாரும் இருந்தாங்களா? இது மூணாவது தடவை, இதுக்கு மேல என் கையில ஒண்ணும் இல்ல. மன்னிச்சுக்கங்க."

நிலுஷாவுக்கு முதலில் கோபம்தான் வந்தது. யாரும் இல்லையே. ஹெட்போனை மாட்டி, சத்தத்தை முழுக்க வைத்து, தன் குரலை விட்டுவிட்டு நடுவில் இருக்கிற இடைவெளிகளைக் கேட்டாள். பிறந்ததில் இருந்து கேட்டுப் பழகியது காதில் சத்தமாகவே விழாது. இப்போது விழுந்தது. அவள் மூச்சு வாங்க நிறுத்திய ஒவ்வொரு இடத்திலும், சுவருக்கு மேலே இருக்கிற அந்த வெளியால் இறங்கி வந்து, புஷ்பத்தின் ரகசியக் குரல்.

"சின்னம்மா படிக்குது. சத்தம் போடாத சாமி."

கொஞ்சம் தள்ளி ஒரு பிள்ளை, முடிஞ்சிச்சா என்று கேட்டது. இன்னும் இல்லை, படிக்குது, வாயப் பொத்திக்க என்றது புஷ்பத்தின் குரல். ஒரு பாத்திரத்தை நோகாமல் கீழே வைக்கிற சத்தம். பிள்ளை மறுபடி சிணுங்கியதும், மறுபடி, சின்னம்மா படிக்குது. நாற்பது நிமிஷமும் அப்படியே. பிரீஆம்ப் தன் வேலையை ஒழுங்காகச் செய்திருந்தது.

நிலுஷா ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்தாள். யார் மேல் கோபப்படுவது? இன்னொரு இடம் தேடலாம் என்றால் எந்த இடம்? வெளியில் மழையும் சில்வண்டும், உள்ளே பத்துக் குடும்பம். தவணையும் முடிந்துவிட்டது. சாமானைத் திருப்பிக் கொண்டுபோனால் நுஹ்மான் நானா வாங்கிக்கொள்வார். ஆனால் தனி ரூம் என்று சொன்னது பொய் என்று சொல்ல வேண்டும். அதைவிட அது துணிப் பெட்டிக்குள் கிடக்கட்டும் என்று பத்திரிகையில் திரும்பச் சுற்றி வைத்தாள்.

அன்று பின்னேரம் கம்பை ஊன்றிக்கொண்டு புஷ்பம் வாசல் இஸ்தோப்புக்கு வந்தாள்.

"நல்லா வந்துச்சா புள்ள? நாங்க மூச்சுக் காட்டலயே."

நிலுஷா அவள் முகத்தைப் பார்த்தாள். ஏதோ பெரிய காரியத்தைச் சாதித்துவிட்ட முகம்.

"வந்துச்சுக்கா. நல்லா வந்துச்சு" என்றாள்.

பேர் பதிகிற விஷயத்தைக் கிருஷ்ணராஜிடம் மட்டும் சொன்னாள். அவன் அவளுக்கென்று பால் வெட்டும் கத்தி ஒன்றைத் தீட்டி வைத்தான். பேர் பதியப் போகுமுன்னே இருந்த நாலு நாளும் புஷ்பத்தின் காம்பராவில் யாரும் குரல் உயர்த்தவில்லை. இனிச் சத்தமாகப் பேசுங்கள் என்று சொல்லிவிடலாம், ஒரு வார்த்தைதான். சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். அவள் அதை அப்படியே விட்டுவிட்டாள்.

திங்கட்கிழமை காலை ஐடென்டிடி கார்டை எடுத்துக்கொண்டு அவள் பேர் பதியத் தோட்டத்து ஒஃபீசுக்குப் புறப்பட்டாள். கதவைப் பூட்டும்போது பக்கத்துக் காம்பராவில் பிள்ளை அழத் தொடங்கியது.

"சின்னம்மா படிக்குது, சத்தம் போடாத" என்று புஷ்பம் மெல்லச் சொல்வது, பூட்டைத் திருகிக்கொண்டு நின்ற நிலுஷாவுக்குத் தெளிவாகக் கேட்டது.